செவ்வாய், வியாழன் இடம்

பெரியக்கா: நான் வீட்டில் நடத்துகிற டேகேர் விஷயமாக உங்கள் எல்லாரிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஜூலையில் வேலைக்குத் திரும்புகிற ஒரு தாய், தன் 14 மாத மகனுக்கு ஐந்து நாளும் இடம் கேட்கிறார். என்னிடம் நாலு பிள்ளைகள் ஃபுல் டைம். ஐந்தாவது இடத்தில் நேர்ஸ் அம்மாவின் மகள், செவ்வாயும் வியாழனும் மட்டும். மற்ற மூன்று நாளும் அந்த இடம் சும்மா கிடக்கிறது.

தம்பி: ஃபுல் டைமுக்கே கொடுங்கோ அக்கா. இதில் யோசிக்க என்ன இருக்கு?

பெரியக்கா: கணக்கும் அதைத்தான் சொல்கிறது. ஃபுல் டைம் நாளுக்கு 45 டொலர், கிழமைக்கு 225. பார்ட் டைமுக்கு நாளுக்கு 55, இரண்டு நாளுக்கு 110. பாதிகூட வரவில்லை.

தங்கச்சி: ஆறு பிள்ளை வைத்திருக்க ஏலாதா? அவள் வருவது இரண்டு நாள்தானே.

பெரியக்கா: ஏலாது. கனடாவில், எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் லைசன்ஸ் இல்லாமல் வீட்டில் பார்க்கிறவர்கள் ஒரே நேரத்தில் 13 வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதிலும் இரண்டு வயதுக்குக் கீழே மூன்று பேர்தான். ஒரு நாளைக்கு மட்டும் ஆறென்றாலும் சட்டத்துக்கு ஆறுதான். “இந்த வியாழனுக்குப் பதிலாக வெள்ளி கொண்டுவரட்டோ” என்று யார் கேட்டாலும், வெள்ளி நிரம்பியிருந்தால் நான் ஓம் சொல்வதில்லை.

மச்சாள்: நானும் ஷிப்ட் வேலை செய்தவள். இரண்டு நாளுக்குப் பிள்ளை பார்க்க ஆள் தேடி ஸ்காபரோ முழுக்க அலைந்தேன். எல்லாரும் ஃபுல் டைம்தான் எடுப்போம் என்றார்கள். அந்த நேர்ஸ் அம்மாவை விட்டுவிடாதீர்கள் அக்கா.

பெரியக்கா: எனக்கும் அதுதான் மனம் கேட்கவில்லை. கிழமைக்கு இரண்டு நாள் வருகிற பிள்ளை பழகுவது லேசில்லை. வியாழன் போனால் செவ்வாய்தான் முகம் காணும். வந்த புதிதில் சப்பாத்தைக் கழற்ற விடாமல் வாசலிலேயே நிற்பாள். இப்போது தன் பையைத் தானே கொழுவிவிட்டு, சின்னவனின் போத்தலைத் தேடிக்கொண்டுவந்து அவன் கையில் கொடுக்கிறாள். இந்தப் பிள்ளையை இன்னொரு புது வாசலில் நிற்க வைக்கச் சொல்கிறீர்களா?

தம்பி: அது சரி அக்கா. ஆனால் மோர்ட்கேஜ் மாதாமாதம் கட்ட வேண்டுமே. ஃபுல் டைம் என்றால் நிலையான வருமானம்.

பெரியக்கா: அவர்களும் நிலையில்லை தம்பி. அரசாங்கத் திட்டத்தில் சேர்ந்த லைசன்ஸ் டேகேர்களில் நாளுக்கு 22 டொலருக்கு மேல் வாங்குவதில்லை. அங்கே இடம் வந்தால் போய்விடுவார்கள். நானும் தாயாக இருந்தால் போவேன். அப்புறம் நாலு வயதாகிற வருஷம் செப்டெம்பரில் ஜேகே, பள்ளிக்கூடத்தின் ஜூனியர் கிண்டர்கார்டன் வகுப்பு.

தங்கச்சி: இந்த வருஷம் ஜேகேக்கு யார் போகிறார்கள்?

பெரியக்கா: இருக்கிறதில் பெரியவன் போகிறான்.

தங்கச்சி: அப்ப ஜூலை, ஓகஸ்ட் இரண்டு மாதமும் புதுக் குழந்தைக்குத் திங்கள், புதன், வெள்ளி. செப்டெம்பரில் பெரியவனின் இடம், ஃபுல் டைம். நேர்ஸ் அம்மாவின் மகளைத் தொடவே தேவையில்லை.

தம்பி: பொறுங்கோ. மூன்று நாளுக்கு 165, இரண்டு நாளுக்கு 110. கிழமைக்கு 275. தனி ஃபுல் டைமைவிடக் கூட வருகிறதே!

பெரியக்கா: ஓம். நாள் இடிக்காத இரண்டு குடும்பம் கிடைத்தால் பார்ட் டைம் நட்டமே இல்லை. இரண்டு வயதுக்குக் கீழே இப்போது இரண்டு பேர், இவன் மூன்றாவது. அதுவும் சரி.

சித்தி: அந்தத் தாய் செவ்வாயும் வியாழனும் என்ன செய்வார் பிள்ளை?

பெரியக்கா: மாமியார் பக்கத்தில் மார்க்கம் நகரில் இருக்கிறாராம் சித்தி. இரண்டு மாதம்தானே, அவர் பார்ப்பாரா என்று இரவைக்குக் கேட்கிறேன்.

மச்சாள்: காசு விஷயத்தை முதலே எழுதிக் கையெழுத்து வாங்குங்கோ. விக்டோரியா டே, லேபர் டே, தாங்ஸ்கிவிங், ஃபமிலி டே எல்லாம் திங்களில் வருகிற அரச லீவு. பெரிய வெள்ளி வேறு. திங்கள், புதன், வெள்ளிக்காரர் அந்த நாட்களைக் கழிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

பெரியக்கா: கழிக்க மாட்டேன். காசு இடத்துக்கு. லீவென்றாலும் பிள்ளைக்குக் காய்ச்சலென்றாலும் ஃபுல் டைம்காரர் கட்டுகிறார்கள். அவர்களுக்கு ஒரு நியாயம், இவர்களுக்கு ஒரு நியாயம் வைத்தால் இரண்டு பக்கமும் மனஸ்தாபம்தான் வரும். விலகுவதென்றால் ஒரு மாதத்துக்கு முன்னமே சொல்ல வேண்டும். நானும் அப்படித்தான் சொல்வேன்.

சித்தி: நல்லது பிள்ளை.

பெரியக்கா: செப்டெம்பரிலிருந்து அந்த மூன்று நாளும் திரும்பக் காலியாகும். இரண்டு வயது தாண்டிய பிள்ளையாக யாரும் தேடினால் என் நம்பரைக் கொடுங்கோ.

தங்கச்சி: என் வேலையிடத்தில் ஒருவர் கேட்டவர். பிள்ளைக்கு எத்தனை வயதென்று நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்.