அஞ்சு ரூவா காயின்ல கோடு, இது அச்சுல வந்த பிழையா இல்ல கீறலா?

தக்கலை டீக்கடை:
எல்லாருக்கும் வணக்கம். நம்ம கடை கல்லாவுல நேத்து ராத்திரி சில்லறை எண்ணும்போது ஒரு அஞ்சு ரூவா கெடச்சுது, 2015 போட்டது, வருஷத்துக்குக் கீழ ஸ்டார் இருக்கு. சிங்கத்தலை பக்கத்துல விளிம்புல இருந்து ஒரு மெல்லிசு கோடு கிளம்பி, இங்கிலீஷ்ல இந்தியான்னு எழுதியிருக்குல்ல அதுல டி எழுத்து வழியா வளைஞ்சு சிங்கம் வரைக்கும் போகு. மருமவன் ஏதோ வீடியோ பாத்துட்டு லட்சக்கணக்குல போகும்னு சொல்லுதான். எனக்கு விலை பெருசில்ல, இது காசு அடிக்க மின்ட்லயே வந்ததா இல்ல யாராவது ஆணி வச்சு கீறினதான்னு எப்படி கண்டுபிடிக்க? புளி போட்டு வெளக்கிட்டு போட்டோ போடட்டா?

வடசேரி காயின்:
அண்ணே முதல்ல புளி போடாதீங்க, ஒரு வாட்டி தேய்ச்சா மேல இருக்க ஒரிஜினல் பளபளப்பு போயிரும், திரும்ப வராது. ஸ்டார்னா ஹைதராபாத் மின்ட். இப்ப ஒரு பல்குத்தி மரக்குச்சிய எடுத்து கோட்டுக்குக் குறுக்கால மெதுவா இழுத்துப் பாருங்க. குச்சி பள்ளத்துல விழுந்தா அது கீறல், வெளிய வந்தபொறவு ஆனது. மேட்டுல தட்டி ஏறி எறங்குனா அது அச்சு விரிசல். ஏன்னா அச்சுல எல்லாமே தலைகீழ், எழுத்து அதுல குழியா இருக்கும், அடிக்கும்போது உலோகம் அந்தக் குழிக்குள்ள போயித்தான் காசுல எழுத்து எழும்பி நிக்கு. அச்சு அடி வாங்கி வாங்கி விரிஞ்சா அந்த விரிசலுக்குள்ளயும் உலோகம் போவும், அதனால காசுல கோடு எழும்பித்தான் வரும். விளிம்போரத்துல அச்சுத் துண்டே உடைஞ்சு விழுந்திருந்தா அந்த எடத்துல எழுத்து இல்லாம ஒரு உருண்டை மேடா இருக்கும், அதுக்கு இங்கிலீஷ்ல கட் (cud)னு பேரு, அதுக்கு மதிப்பு கொஞ்சம் கூடுதல்.

குளச்சல் கடலோரம்:
இவரு சொன்னது சரி. நான் ஒண்ணு சேத்துச் சொல்லுதேன், எங்க பக்கம் உப்புக்காத்துல இந்த மஞ்சக் காயின் செவந்தும் கறுத்தும் போவும், அதைக் கொண்டுவந்து வேற உலோகத்துல அடிச்ச காயின்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. அது நிக்கல் பித்தளை, எடை 6 கிராம், காந்தம் புடிக்காது. பொறவு ரெண்டு காசை இடுக்கில வச்சு நெரிச்சு கண்ணாடி எழுத்து வரவச்சு விக்கவனும் உண்டு. அதுல எழுத்து குழியா இருக்கும், மறுபக்கம் நசுங்கியிருக்கும். நெசமாவே நடுவுல காசு ஆகப்போற வெறுந்தகடு இல்லாம ரெண்டு அச்சும் ஒண்ணோட ஒண்ணு மோதியிருந்தா, அஞ்சுன்னு போட்ட பக்கத்து வெத்து எடத்துல சிங்கத்தோட ஓரக்கோடு லேசா எழும்பித் தெரியும். அண்ணே, காசை மேல கீழ ரெண்டு விரல்ல புடிச்சு பக்கவாட்டுல திருப்பியும் பாருங்க, பின்பக்கம் நேரா நிக்கணும், சாஞ்சு நின்னா அச்சு திரும்பியிருக்குன்னு அர்த்தம். பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துல சக்கரம்னு ஒரு காசு இருந்துது, எங்க பாட்டி 28 சக்கரம் ஒரு ரூவான்னு கணக்கு சொல்லுவா, அவ வச்சிருந்த திருவிதாங்கூர் சக்கரத்துல பாதி சித்திரம் வெளிய போயிருக்கும், அது கையால அடிச்சது, அதுல இதெல்லாம் சகஜம். இப்ப மெஷின்ல அடிக்கதுல வந்தாத்தான் விசேஷம்.

வடசேரி காயின்:
இன்னொரு வழி இருக்கு அண்ணே, அதுதான் உறுதி. ஒரு அச்சுல ஆயிரக்கணக்குல காசு அடிப்பாங்க, அதனால அதே விரிசல் அதே எடத்துல வேற காசுலயும் இருக்கும். கீறல் ரெண்டு காசுல ஒரே மாதிரி விழாது.

தக்கலை டீக்கடை:
குச்சி தட்டி ஏறிச்சு, மேடுதான். பின்பக்கம் நேரா நிக்கு. காலையில இருந்து டப்பால கெடந்த 2015 எல்லாத்தையும் ஸ்டார் பாத்து பிரிச்சேன், இன்னொண்ணு கெடச்சிட்டு! அதே எடத்துல கெளம்புது, ஆனா டி எழுத்தோட நிக்கு, சிங்கம் வரைக்கும் வரல்ல.

வடசேரி காயின்:
அப்ப அது முன்னால அடிச்சது, விரிசல் வளரதுக்கு முன்ன. ரெண்டையும் தனித்தனி பேப்பர் கவர்ல போட்டு ஒண்ணா வைங்க, பிரிச்சு வித்துராதீங்க.