ஐயருக்கு (சர்ச் போதகருக்கு) புது சபையில் முதல் கிறிஸ்துமஸ்: உங்கள் அனுபவம்?

மேலூர்ப் பக்கத்து ஐயர்:
ஜூனில் மாற்றலாகி வந்த சேகரம், அதாவது ஒரு ஐயரின் பொறுப்பில் இருக்கும் சபைகள். எல்லாம் சுமுகமாகத்தான் போனது, வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் வரைக்கும். ஒரு தெருவில் முதல் வீடு முடிந்ததும் டிரைவர் அடுத்த வீட்டை விட்டுவிட்டு வேனை நகர்த்தினார். அங்கேயும் நட்சத்திரம் தொங்குகிறது, வாசல் விளக்கு எரிகிறது. "அங்க போறதில்லைங்கய்யா, பழைய தகராறு" என்றார் செயலர். என்ன தகராறு? வேனுக்குள் ஆளுக்கொரு கதை. கல்லறைத் தோட்டத்து இடம் என்கிறார் ஒருவர், கல்யாணத்துக்கு முன் சபையில் அறிவிக்கும் ஓலையை வாசித்ததில் வந்தது என்கிறார் இன்னொருவர். அந்த வாசலைத் தாண்டும்போது ஒரு பாட்டி வெளியே வந்து விளக்கை அணைத்தார். முகத்தில் கோபம்கூட இல்லை, தினமும் செய்கிற வேலை மாதிரி அணைத்துவிட்டு உள்ளே திரும்பினார். வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். என்னோடு இறங்கியது டிரம் அடிக்கிற தம்பியும் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட பையனும்தான். இருட்டிலேயே பாடினோம். மறுநாளிலிருந்து செயலர் ரவுண்ட்ஸுக்கு வரவில்லை. பாட்டி சர்ச்சுக்கு வந்தாரா என்றால் அதுவும் இல்லை.

முன்னாள் கமிட்டி:
ஐயா, தப்பாக நினைக்க வேண்டாம். முதல் வருஷமே, எந்தெந்த வீட்டுக்குப் போவது என்கிற லிஸ்டில் கைவைக்கக் கூடாது. நீங்கள் கொஞ்ச வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவீர்கள், அந்தத் தெருவில் இருக்கப்போவது செயலர். பாட்டியைப் பார்க்க வேண்டுமா, ஜனவரியில் தனியாகப் போய் ஜெபம் பண்ணிவிட்டு வாருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம், பத்து மணிக்கு மேல் மைக் வேண்டாம். 2000-லேயே ஒலி மாசு விதி வந்துவிட்டது, இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. போலீஸ் வந்தால் ஐயரைத்தான் கேட்பார்கள். 31 ராத்திரி ஆராதனையில் புது வருஷத்துக்கான பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், அவரவரே எடுக்கட்டும். இல்லையென்றால் "எனக்குன்னு பார்த்து இந்த வசனத்தைக் குடுத்தாரு" என்று ஜனவரி முழுக்கப் பேச்சு ஓடும். என் அனுபவம் என்றால், எங்களுக்கு வந்த ஒருவர் முதல் டிசம்பரிலேயே பாடகர் குழுவை மாற்றினார். ஈஸ்டருக்குள் பாதிப் பேர் பக்கத்து பெந்தெகொஸ்தே சபையில்.

ஐயர் மகள், பசுமலை:
லிஸ்ட் லிஸ்ட் என்கிறீர்களே அங்கிள், லிஸ்ட் போடாமலும் கூத்து நடக்கும். உசிலம்பட்டிப் பக்கம் அப்பாவின் முதல் கிறிஸ்துமஸ். 25 மதியம் மேசை நிறைய கேக், முறுக்கு, அதிரசம். சோறுதான் இல்லை! வேறு யாராவது ஐயரைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள் என்று சபையில் எல்லோருமே நினைத்துவிட்டார்கள். அம்மா முணுமுணுத்துக்கொண்டே ரசத்துக்குப் புளி கரைத்தார். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். அவர் வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார், அதனால் கறி கிடையாது. ஒரு தூக்குச்சட்டி சாம்பார் சாதம் வந்தது. அப்பா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "பெருங்காயம் எங்கம்மா வாங்குறீங்க?" என்று அந்த அக்காவிடமே கேட்டார். அம்மா அப்பாவுடன் சாயங்காலம் வரை பேசவில்லை.

கோயில் தெருக்காரன்:
நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை, ஆனாலும் ஒன்று. விதி பேசுகிறவருக்கு: மார்கழியில் எங்கள் கோயில் ஸ்பீக்கர் அஞ்சு மணிக்கே திருப்பாவை போடும், அதுவும் உங்கள் 10-6க்குள்தான் வருகிறது. எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த பாஸ்டர் 24 அன்று பூசாரியைத் தேடி வந்தார். "நாளைக்கு நாலரைக்கு ஆராதனைங்க, கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?" பூசாரி யோசிக்கவே இல்லை. "முடிஞ்சதும் மிஸ்டு கால் குடுங்க சார், போட்டுவிடுறேன்."

முன்னாள் கமிட்டி:
மிஸ்டு கால் எல்லாம் சரி தம்பி. நான் கேட்பது வேறு. ரவுண்ட்ஸ் லிஸ்ட் போடுவது ஐயரா, செயலரா? அதற்கு இங்கே ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.