புதுப்பிப்பு: எட்டாம் வகுப்பில் செல்போன் பாடம்

மன்னார்குடி பக்கத்து எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் செல்போன் பாதுகாப்பை எப்படிச் சொல்லித்தருவது என்று முன்பு இங்கே உங்களிடம் கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. நீங்கள் சொன்னபடி "போனைத் தொடாதே" என்பதை விட்டுவிட்டு, வீட்டில் அப்பா போனுக்கு வரும் மெசேஜ்களையே எடுத்துக்கொண்டோம். பயிர்க் காப்பீட்டுப் பணம் வந்திருக்கிறது, உங்கள் ரகசிய பின் (PIN) நம்பரைப் போடுங்கள் என்று ஒருவன் சொன்னால்? யுபிஐயில் பணம் பெற அந்த ரகசிய நம்பரே தேவையில்லை என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, யாராவது படத்தை வைத்து மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098. மிரட்டப்படும் பிள்ளைமேல் தப்பே இல்லை, வந்த மெசேஜை அழிக்காமல் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் காட்ட வேண்டும் என்பதைத்தான் அதிக நேரம் பேசினோம், அதற்கப்புறம்தான் பெண் பிள்ளைகள் வாய் திறந்தார்கள்.

சரி, அடுத்தது பெற்றோர் கூட்டம். சம்பா நடவு முடிந்ததும் வைக்கிறோம், அப்போதுதான் வர முடியும் அவர்களால்.