பிங் போகிறது, கோப்பு போகவில்லை: உங்களுக்கும் நேர்ந்ததா?

வாளையாறு வாசி:
கஞ்சிக்கோட்டில் ஓர் உருக்காலைக்குச் சர்வர் வேலை பார்த்துக்கொடுக்கிறேன். வாளையாறு தாண்டினால் பேச்சு மலையாளத்துக்கு மாறிவிடும். கோளாறுகள் மட்டும் மாறுவதில்லை.

அங்கே உள் வலையமைப்பை இணையத்தோடு இணைக்கும் கேட்வே கணினியில் ஓடிய சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்புக்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து அல்மாலினக்ஸ் 9 நிறுவி, பழைய ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் விதிகளை அதன் வாரிசான என்எஃப்டேபிள்ஸில் புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகுதான் கூத்து. மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனையான பிங் போகிறது. இரண்டு வரி மின்னஞ்சல் போகிறது. வரைபடத்தை இணைத்தால் அவுட்பாக்ஸை விட்டு நகர மறுக்கிறது. கோவை அலுவலகச் சர்வருக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் முறை) போட்டால் கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே உறைந்துவிடுகிறது. "லைன் சரியில்லை, சாரே" என்று ஸ்டோர் சேட்டன் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

உள்ளே ஒரு கணினியில் உட்கார்ந்து, பாக்கெட்டை (தரவுப் பொதியை)த் துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பிங் அனுப்பினேன். 1472 பைட்டுக்குச் சத்தமே இல்லை. 1464-க்கு உடனே பதில். தலைப்புகளின் 28 பைட்டைக் கூட்டினால் 1492. ஃபைபர் இணைப்பு, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தன் தலைப்பையும் சேர்க்கும் பிபிபிஓஇ வகை. பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவான 1500-இல் 8 பைட்டை அது எடுத்துக்கொள்கிறது. "பாக்கெட் பெரிது, குறைத்து அனுப்பு" என்று கேட்வே சொல்லவேண்டிய ஐசிஎம்பி (வலையமைப்பின் பிழை, நிலை அறிவிப்பு முறை) செய்தியோ வெளியே வரவே இல்லை. பாதுகாப்பு என்ற பெயரில், பிங் தவிர மற்ற ஐசிஎம்பி அனைத்தையும் அடைத்திருந்தார்கள்! பாதை தாங்கும் பாக்கெட் அளவைக் கண்டறிய, 1990-இன் இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 1191 வகுத்த முறையே அந்தச் செய்தியை நம்பித்தான் நடக்கிறது. பழைய விதிகளிலும் அடைப்பு இருந்தது. ஆனால் டிசிபி இணைப்பில் ஒரு பாக்கெட் சுமக்கும் தரவின் உச்சமான எம்எஸ்எஸ் அளவைக் குறைக்கும் வரி ஒன்று காப்பாற்றி வந்தது. புதியதில் அது விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன், வரைபடம் போய்ச் சேர்ந்தது.

நகரி நண்பன்:
எங்கள் கதையில் ஐசிஎம்பிக்கு இடமே இல்லை, அண்ணா. நகரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பல கணினிகள் சேர்ந்து கணக்கிடும் கிளஸ்டர். எல்லாக் கணினிகளிலும் எம்டியூ, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு, 9000. பழுதான சுவிட்சை மாற்றினார்கள். புதியது 1500-லேயே நின்றது. சுவிட்ச் ஐபி முகவரியைப் பார்க்காத இரண்டாம் அடுக்குச் சாதனம், பெரிய பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டுச் சொல்லாமல் இருந்துவிடும். எம்பிஐ (கணினிகளிடையே செய்தி பரிமாறும் முறை) நிரல் தொடங்கும், சிறு செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும், பெரிய அணிக்கோவை வந்ததும் தொங்கும். மாணவர்கள் நிரலில் பிழை தேடித் தேடிக் கண் பூத்துப்போனார்கள்.

கொல்லங்கோட்டார்:
ஐசிஎம்பியைத் திறக்கச் சொன்னால் தணிக்கைக்காரர் ஒப்பமாட்டாரே?

வாளையாறு வாசி:
முழுக்கத் திறக்கவேண்டாம், ஐயா. 'குறைத்து அனுப்பு' என்ற அந்தச் செய்தி மட்டும், அதாவது வகை 3, குறி 4 போதும். அதற்கும் மறுத்தால் லினக்ஸில் டிசிபி எம்டியூ ப்ரோபிங்கை (சரியான அளவைத் தானே சோதித்தறியும் அமைப்பை) 1 ஆக்குங்கள். இயல்பில் அது 0. 2007-இன் ஆர்எஃப்சி 4821 முறை அது, ஐசிஎம்பியை எதிர்பார்க்காது. ஆனால் புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் ஐசிஎம்பியை அடைக்கும் விளையாட்டு நடக்காது. அங்கே ஐசிஎம்பியை முழுதாக அடைத்தால் பக்கத்துக் கணினியையே கண்டுபிடிக்க முடியாது.