மொட்டை மாடியில் மேட்டூர் நீர்மட்டம்: நாங்கள் இரண்டு பேருமே ஆட்டிசம்

கும்பகோணத்திலிருந்து:

கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு பேருக்குமே ஆட்டிசம் என்று தெரிந்தது கல்யாணத்துக்கு அப்புறம்தான். முதலில் எனக்கு, எட்டு மாதம் கழித்து அவருக்கு.

பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேசுங்கள் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மேட்டூர் அணையைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார்: முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, ஜூன் 12 திறப்பு எந்தெந்த வருஷம் தள்ளிப்போனது என்பது வரைக்கும். நடுவில் நிறுத்தி, "போரடித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியாது" என்றார். கீழே வந்ததும் சரி என்று சொல்லிவிட்டேன், அம்மாவுக்கே ஆச்சரியம். அதுவரைக்கும் என்னிடம் யாரும் அவ்வளவு நேராகப் பேசியதில்லை.

முகூர்த்தத்தில் கெட்டிமேளம் கொட்டியபோது காதைப் பொத்தக் கூடாதே என்று கையை மடியில் இறுக்கி வைத்திருந்தேன், கை நடுங்கியது. பயப்படுகிறேன் என்று நினைத்து அத்தை தோளை அணைத்துக்கொண்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும், அந்த நேரத்தில் யாராவது தொட்டால் எனக்கு இன்னும் மோசம்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி, பிரச்சினையே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் வாயில் தவில் சொல் ஓடிக்கொண்டே இருக்கும், தா தீ தொம் நம் என்று. அதுதான் அவருக்கு நிதானம். எனக்கோ காலையில் டிகாக்‌ஷன் இறங்கும் வரை ஒரு சத்தமும் ஆகாது. எனக்காக ஒரு மாதம் அடக்கிப் பார்த்தார். ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக் கூட்டத்திலிருந்து வந்தவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார், மறுநாள் வரை பேச்சே வரவில்லை. மாமியார் "என்னடி சண்டை?" என்று துருவித் துருவிக் கேட்டார். சண்டை இல்லை, அவரால் பேச முடியவில்லை, அவ்வளவுதான். எனக்கும் அப்படி ஆகும் என்பதால் கதவைத் தட்டவில்லை, வாசலில் தயிர்சாதம் வைத்துவிட்டு வந்தேன். இப்போது காலை ஏழு மணி வரை தவில் கொல்லைப்பக்கம், கிணற்றடியில்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் மனசு புரியாது என்பார்கள். டேமியன் மில்டன் என்று ஓர் ஆய்வாளர், அவருக்கும் ஆட்டிசம்தான், புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு அத்தை கைதான் ஞாபகம் வந்தது.

மன்னார்குடியிலிருந்து:

நாங்களும் இரண்டு பேருமே ஆட்டிசம்தான். எங்கள் கல்யாணம் மூன்று வருஷத்தில் முடிந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும் இல்லையா. அன்பு குறைந்து பிரியவில்லை. இரண்டு பேராலும் போனை எடுத்துப் பேச முடியாது. சிலிண்டர்காரர் வாசலில் நின்று போன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார், நாங்கள் உள்ளே ஆளுக்கொரு மூலையில் மணி ஓயக் காத்திருப்போம். வாடகை, ஈபி பில், சொந்தக்காரர் விசேஷம், எல்லாம் அப்படியே குவிந்தது. ரொம்ப நாள் உதவி கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் ஆட்டிசமும் இருக்கிறதே என்று அடையாள அட்டை கேட்டுப் போனால், "கல்யாணம் பண்ணியிருக்கீங்களே, அப்புறம் என்ன ஆட்டிசம்?" என்று கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். அவள் இப்போது திருச்சியில். தினமும் ராத்திரி ஒன்பதுக்கு ஒரு மெசேஜ் வரும், அன்று என்ன சமைத்தாள் என்று. நானும் அனுப்புவேன்.

கும்பகோணத்திலிருந்து:

சிலிண்டர் கதை இங்கேயும் உண்டு. எங்கள் வீட்டில் போன் மாமியார் கையில். அவர் நாத்தனார் வீட்டுக்குப் போனால், திரும்பி வரும் வரை விறகடுப்புதான்.