அப்பா சட்டைப்பையில் கை வைத்த பையன்: பெல்ட்டை எடுத்தது சரியா?

கரிசல்காட்டான்:
என் தங்கை மகனுக்கு 9 வயது. போன வாரம் அவன் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து 200 ரூபாயை எடுத்துப்போய், பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பானிபூரி வண்டியில் கூட்டாளிகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறான். மீதிக்குப் போகிமான் விளையாட்டு அட்டை. மாப்பிள்ளைக்குத் தெரிந்ததும் பெல்ட்டால் வெளுத்துவிட்டார். கெண்டைக்காலில் தடிப்பு இன்னும் போகவில்லை. "முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்" என்று என் அம்மாவே மருமகனுக்கு ஒத்து ஊதுகிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. தாய்மாமன் என்ற முறையில் நான் பேசலாமா? அதைவிட முக்கியமாக, அவர் செய்தது சரியா?

மணிமுத்தாறு:
பேசாதீர்கள். பெற்றவனுக்கு இல்லாத அக்கறையா? பெல்ட் கொஞ்சம் அதிகம்தான், கையால் நாலு வைத்திருக்கலாம். ஆனால் திருட்டுக்கு முதல் தடவையே சூடு வைக்காவிட்டால் அடுத்தது பீரோ சாவி. எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள், ஐந்து பேரும் அப்பாவிடம் பிரம்படி வாங்கியவர்கள். ஒருத்தர்கூட அடுத்தவன் காசைத் தொட்டதில்லை. இப்போதுள்ள பிள்ளைகளிடம் "செல்லம், அப்படிச் செய்யலாமா?" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறோம், அதன் லட்சணம் தெருவில் தெரிகிறது.

வெண்பூசணி:
அடி வாங்கிய ஐந்து பேரும் எதையும் மறைத்ததே இல்லையா அண்ணா? மாட்டிக்கொள்ளவில்லை என்பதும் திருந்திவிட்டார்கள் என்பதும் ஒன்றல்ல.

மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு ஆய்வு இருக்கிறது. விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இருவர் 2011-இல் வெளியிட்டது. இரண்டு பள்ளிகள். ஒன்றில் தப்புக்குக் குச்சியடி, கிள்ளு, அறை. இன்னொன்றில் கண்டிப்பு மட்டும். 3, 4 வயதுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் பொம்மையை வைத்து, "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள், பிள்ளைகள்தானே! "பார்த்தாயா?" என்று கேட்டபோதுதான் வித்தியாசம். அடிக்கிற பள்ளியில் பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே பொய் சொன்னார்கள். மற்றதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். "சரி, அது என்ன பொம்மை என்று நினைக்கிறாய்?" என்று அடுத்த கேள்வி போட்டால், அடி வாங்கும் பள்ளிப் பிள்ளைகள் பொம்மையின் பெயரை உளறாமல் சமாளித்தார்கள். அடி அந்தக் குழந்தைகளுக்குப் பொய்யைப் பக்குவமாகச் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

மணிமுத்தாறு:
மூன்று வயதுப் பிள்ளை பொம்மையைப் பார்த்ததும் ஒன்பது வயதுப் பையன் இருநூறு ரூபாயை எடுத்ததும் ஒன்றா? அதுவும் பள்ளிக்கூடத்து அடி. வாத்தியார் அடிப்பது வேறு, ராத்திரி அந்தத் தடிப்பில் எண்ணெய் தடவிவிடும் அப்பா அடிப்பது வேறு. இன்னொன்று: அடி வாங்கிய பிள்ளைகளுக்குக் கெட்ட குணம் அதிகம் என்று நிறைய ஆய்வுகளைக் காட்டுவீர்கள், நானும் படித்திருக்கிறேன். சேட்டை செய்கிற பிள்ளைதானே அதிகம் அடி வாங்கும்? எது முதலில் வந்தது?

ஓய்வுபெற்றவாத்தியார்:
தம்பியின் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. ஆராய்ச்சிக்காரர்களே அதைக் கேட்டு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வகுப்பறைக்குள் என் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் பள்ளிப் பிரம்பு 2003-இல் சட்டப்படி போய்விட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் அதையே சொன்னது. நான் அதற்கு வெகு முன்பே வேலைக்கு வந்தவன், பிரம்பும் கையுமாகத்தான் திரிந்தேன். வீட்டுப்பாடம் எழுதாத பையன்கள் அன்றைக்கு மட்டும் கால்சட்டைக்குள் நோட்டைச் செருகிக்கொண்டு வருவார்கள். அடித்தால் சத்தத்திலேயே தெரியும். அதையும் கண்டுபிடித்து அடித்தால், அடுத்த வாரம் அட்டை இல்லாத நோட்டு. எழுதாதவன் எழுதவே இல்லை, செருகும் வித்தையில்தான் தேறினான்.

திருட்டு என்றதும் காந்தி ஞாபகம் வருகிறது. 15 வயதில் அண்ணன் பட்ட 25 ரூபாய்க் கடனை அடைக்க, அண்ணன் கைக்காப்பிலிருந்தே பொன்னை வெட்டி எடுத்துக் கொடுத்தார். பிறகு மனசு உறுத்தி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயில் படுத்திருந்த அப்பாவிடம் நீட்டினார். அவர் எழுந்து உட்கார்ந்து படித்தார், கண்ணீர் விட்டார், தாளைக் கிழித்துப்போட்டார், மறுபடி படுத்துக்கொண்டார். ஒரு சொல்லும் பேசவில்லை. கோபத்தில் தலையில் அடித்துக்கொள்வார் என்று பயந்தாராம் பிள்ளை.

மணிமுத்தாறு:
ஐயா, காந்தியை இழுத்தீர்களே, அவர் மூத்த மகன் ஹரிலாலை ஏன் விட்டுவிட்டீர்கள்? உலகத்துக்கே அகிம்சை சொன்ன அப்பா. மகன் 1911-இல் உறவை முறித்துக்கொண்டு போனவர், குடியில் விழுந்தார், அப்பா சுடப்பட்ட அதே 1948-இல் தானும் போய்ச் சேர்ந்தார். பிரம்பைத் தொடாததால் பிள்ளை உருப்பட்டுவிடுமா?

வெண்பூசணி:
உருப்படும் என்று யார் சொன்னார்கள்? ஹரிலாலுக்கு என்ன குறை? அப்பாவைப்போல லண்டன் போய்ச் சட்டம் படிக்க ஆசைப்பட்டார். அப்பா விடவில்லை. பிள்ளை என்ன நினைக்கிறான் என்று கேட்காமல், தான் சரியென்று முடிவு செய்ததை அவன் மேல் ஏற்றினார். கை ஓங்காமலும் ஒரு பிள்ளையின் வாயை அடைக்கலாம் என்பதற்குத்தான் ஹரிலால் உதாரணம். நீங்கள் எனக்கே சாதகமாகப் பேசுகிறீர்கள் அண்ணா.

மணிமுத்தாறு:
எதைச் சொன்னாலும் உங்களுக்கே சாதகமா! நல்ல கணக்கு.

ரயில்சிநேகம்:
இரண்டு பக்கமும் அப்பா அம்மாவை ரொம்பப் பெரிதாக நினைக்கிறீர்கள். அமெரிக்காவில் ஜூடித் ரிச் ஹாரிஸ் என்று ஒருவர் இருந்தார். பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குத் தகுதி இல்லை என்று அனுப்பப்பட்டவர். 1995-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை உளவியல்காரர்களையே ஆட்டியது. பிள்ளையின் குணத்தை வடிப்பது பெற்றோர் வளர்ப்பைவிட, பிறவிக்கூறும் கூட்டாளிகளின் சேர்க்கையும்தான் என்றார். குடியேறிகளின் பிள்ளைகளைப் பாருங்கள் என்றார். டொரண்டோவில் இருக்கிற என் அக்கா மகள் வீட்டில் நாள்முழுக்க யாழ்ப்பாணத் தமிழ்தான் கேட்கிறாள், ஆங்கிலத்தை மட்டும் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை மாதிரியே பேசுகிறாள். அம்மாவின் ஆங்கில உச்சரிப்பு துளி இல்லை.

ஹாரிஸ் சொன்னது முழுவதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் கரிசல், ஒரு விஷயம் உறுத்துகிறது. காசு எடுத்த பையன் அதைப் பதுக்கவில்லை, ஊருக்குப் பானிபூரி வாங்கிக் கொடுத்திருக்கிறான். யாருக்கு, ஏன் என்று யாராவது கேட்டீர்களா?

கரிசல்காட்டான்:
நேற்று அவனை டீக்கடைக்குக் கூட்டிப்போய், பால்பன் வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். ரொம்ப நேரம் பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். வண்டியில் தினமும் மற்ற பையன்கள் வாங்கித் தருவார்களாம், இவனிடம் காசே இருக்காதாம். "ஓசி, ஓசி" என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒரே நாளில் எல்லாக் கடனையும் தீர்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். அட்டையும் அவனுக்கில்லை, அதிகமாக வாங்கித் தந்த ஒரு பையனுக்காம். "அப்பாகிட்ட கேட்டிருக்கலாமேடா" என்றேன். "கேட்டா திட்டுவாரு, அப்புறம் பானிபூரி தின்னதுக்கும் அடிப்பாரு" என்றான்.

வெண்பூசணி:
கேட்டால் ஒரு அடி, எடுத்தால் ஒரு அடி. எடுத்தால் மாட்டாமலும் போகலாம். கணக்கை ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறான்.

மணிமுத்தாறு:
பாவமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்காகத் திருடலாமா? காரணம் இல்லாத திருட்டு உலகத்தில் உண்டா? அந்த 200 ரூபாயை அவன் திருப்பித் தரவேண்டும். அதைக்கூட வேண்டாம் என்பீர்களா?

ஓய்வுபெற்றவாத்தியார்:
தரட்டும். அதில் எனக்கு முழுச் சம்மதம். அடி அன்றைக்கே முடிந்துவிடும், மாதக்கணக்கில் சேர்த்துத் திருப்பித் தருவது அப்படி ஒரே நாளில் முடிந்துவிடாது. கரிசல், வாரம் 20 ரூபாய் கைச்செலவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், அதில் 10 ரூபாயை அப்பாவிடமே கட்டட்டும். மாப்பிள்ளையிடம் பேசும்போது பெல்ட்டைப் பற்றி எடுக்காதீர்கள், ரோஷம் வந்துவிடும். அந்த "ஓசி"யை மட்டும் சொல்லுங்கள்.

மணிமுத்தாறு:
ஒன்பது வயதுக்கு வாரம் 20 ரூபாயா? திருடினால் சம்பளம் என்று ஆகிவிடாதா ஐயா?

ரயில்சிநேகம்:
பானிபூரி ஒரு தட்டே இப்போது 30 ரூபாய் அண்ணே.

கரிசல்காட்டான்:
ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அம்மாவும் அங்கேதான் இருப்பார், முதலில் அவரைச் சமாளிக்க வேண்டும்.