பசை பட்ட இடமெல்லாம் மை கசிகிறது: வாழ்த்து அட்டை செய்பவர்கள் உதவுங்கள்

கணினியில் வரைந்த பின்னணியை அச்சிட்டு, அதன்மேல் காகிதச் சுருள் பூக்களை ஒட்டி வாழ்த்து அட்டை செய்கிறேன். ஒட்டும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு இதழைச் சுற்றியும் ஊதா வளையம் படர்ந்திருக்கிறது. கருநீல வானத்தில்தான் மோசம். வெளிர்மஞ்சள் பகுதியில் அவ்வளவாகத் தெரியவில்லை.

பிரிண்டர், சாய மை (நீரில் கரையும் வகை) பயன்படுத்தும் வீட்டு இங்க்ஜெட். அட்டை 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை), மேற்பூச்சு இல்லாதது. ஏ4 தாளை நடுவில் மடிக்கிறேன். படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்). ஒட்டுவது வெள்ளை பிவிஏ பசை, அதாவது நீர் கலந்த கைவினைப் பசை. மூன்று வாரங்களாக இதே கதை.

அச்சிட்டபின் 24 மணி நேரம் காயவிட்டேன், பயனில்லை. காகித வகை அமைப்பை மாற்றி மையைக் குறைத்தேன். வானம் வெளிறிப்போனது, வளையம் மட்டும் போகவில்லை. பல்குச்சி நுனியால் புள்ளி புள்ளியாகப் பசை வைத்தேன். வளையம் சிறுத்தது, ஆனால் உறைக்குள் போட்டதும் பூக்கள் உதிர்ந்துவிட்டன. இரட்டைப் பக்க டேப் வெட்டிய இலைகளுக்குச் சரி. சுருளின் விளிம்போ நூல் அகலம்தான், டேப் எதைப் பிடிக்கும்? லேசர் அச்சில் மை கசியவில்லை. ஆனால் மடிப்பில் டோனர் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) உரிந்து வெள்ளைக் கோடு விழுகிறது, அதுவும் முகப்பை ஒட்டியே. மடிப்புக் கோட்டை முன்கூட்டியே கீறி வைத்தும் பார்த்தாயிற்று.

அச்சின்மேல் பாதுகாப்புப் பூச்சாக அடிக்கும் அக்ரிலிக் ஸ்பிரே மட்டும் இன்னும் அடித்துப் பார்க்கவில்லை. அந்தப் பூச்சின்மேல் பசை பிடிக்குமா என்ற சந்தேகம்.

இதே பிரிண்டரை வைத்துக்கொண்டு கசிவை நிறுத்திய யாராவது இருக்கிறீர்களா, அல்லது நிறமி மைக்கு (நீரில் கரையாத துகள்கள் கொண்டது) மாறுவதுதான் ஒரே வழியா?